சந்தனப் பொட்டு சொன்ன சூடு

போன வாரம் ஒரு மனிதரின் இருபது வருட வேலையை நான் கிட்டத்தட்ட காலி செய்துவிட்டேன்.

கோபத்தில் அல்ல. கோள்மூட்டியும் அல்ல. ஒரே ஒரு போட்டோவால்.

பதற வேண்டாம், கதை நல்லபடியாகத்தான் முடிகிறது. இல்லையென்றால் அதை இங்கே வந்து எழுத எனக்குத் தைரியம் ஏது?

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தெர்மல் கேமரா வாங்கினேன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அரைத் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். செல்போனில் சார்ஜர் சொருகும் இடத்தில் இதைச் சொருகினால் போதும். எதிரே இருப்பதன் உருவத்தை விட்டுவிட்டு அதன் சூட்டைப் படம் பிடிக்கும். சூடான இடம் மஞ்சள், வெள்ளை. குளிர்ந்த இடம் நீலம், கறுப்பு. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க வாங்கியது. கண்டுபிடித்தேனா? அதற்கு அப்புறம் வருகிறேன்.

வாங்கிய புதிதில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். தோசைக்கல், மீட்டர் பெட்டி, தெருநாய்… மனைவி கோமதியையும் எடுத்தேன். முகமெல்லாம் ஆரஞ்சு, மூக்கு நுனி மட்டும் நீலம்.

"இதக் காட்டவா அடுப்படியில இருந்து கூப்பிட்டிய?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் அதே கோமதிதான் ஒரு வாரத்துக்குள் அந்தக் கேமராவுக்கு உருப்படியான ஒரு உபயோகத்தைக் கண்டுபிடித்தாள். வெறுங்காலோடு தரையில் நடந்தால் பாதத்தின் சூடு கொஞ்ச நேரம் தரையிலேயே தங்குமாம். ஒரு மத்தியானம் நான் கட்டிலிலிருந்து இறங்கி ஃபிரிட்ஜ் வரை போய்த் திரும்பிய பாதை முழுவதும் அவள் கையில் இருந்த என் போனில் தெரிந்தது. வரிசையாக மஞ்சள் பாதங்கள்!

"சுகர் மாத்திர போடுத ஆளுக்கு ஃபிரிட்ஜுக்குள்ள என்ன சோலி?"

உள்ளே ஒளித்து வைத்திருந்த அல்வா டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கேமரா சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தெருமுனையில் ஒரு பேக்கரி இருக்கிறது. நடத்துவது செல்வக்கனி — கோமதியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். மற்ற பலகாரங்களும் உண்டு என்றாலும் அந்தக் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மக்ரூன்தான். முந்திரிப்பருப்பு, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு. மூன்றே சாமான், ஆனால் கை வாகு வேண்டும். அந்தக் கை, பொன்ராஜ் மாஸ்டருடையது. இருபது வருடமாக அங்கே மக்ரூன் போடுகிறவர் அவர் ஒருவர்தான். அதிகம் பேசமாட்டார்.

போன புதன்கிழமை செல்வக்கனி வீட்டுக்கு வந்தார். வந்த வேகத்திலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒங்கட்ட என்னமோ சூடு பாக்குத கேமரா இருக்காமே? கொஞ்சம் கடைக்கு வந்து எங்க ஓவன ஒரு படம் எடுத்துத் தாங்களேன்."

கதை இப்படி. கொஞ்ச நாளாக மக்ரூன் சரியாக வரவில்லை. டிரேயில் ஓவன் வாசல் பக்கம் இருப்பதெல்லாம் மொறுமொறுவென்று வருகிறது. உள்பக்கம் இருப்பது தொட்டால் அமுங்குகிறது, பேப்பரோடு ஒட்டிக்கொண்டு பிய்கிறது. நடுவில் கதவைத் திறந்து டிரேயைத் திருப்பி வைக்கலாம் என்றால் காற்றுப் பட்டு எல்லாமே உட்கார்ந்துவிடும். கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிகிற நேரம் வேறு.

"மாஸ்டர் என்ன சொல்லுதாரு?" என்று கோமதி கேட்டாள்.

"ஓவன்தான் கோளாறுங்காரு. ஆயுத பூஜைக்கு ஓவன இழுத்துத் துடைச்சோம்லா, அதுல இருந்து பின்பக்கம் கை வைக்க முடியலயாம், சூடு வெளிய போவுதாம். அடுப்புன்னா சுடத்தான செய்யும் கோமதி? மெக்கானிக்கும் வந்து பாத்துட்டாரு. மீட்டர்ல வச்ச சூடு அப்படியே நிக்குதுன்னு சொல்லிட்டாரு. அப்போ கோளாறு எங்கன இருக்கு?"

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவருக்குக் கை போச்சோன்னு இருக்கு. முட்டைய முன்ன மாதிரி அடிக்க முடியல போல. ஆத்தூர்ல ஒரு மாஸ்டருக்குச் சொல்லி வச்சிருக்கேன், திங்கக்கிழமை வாரேன்னாரு. அதுக்கு முன்னால ஒரு தடவ ஓவன நிச்சயமாப் பாத்துட்டா எனக்கு மனசு ஆறும்."

ஒரு மனிதரின் வேலை என் கையிலிருந்த அரைத் தீப்பெட்டியை நம்பி நிற்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததா? எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான். என் கேமராவை முதன்முதலாக வெளியாள் ஒருவர் மதித்துக் கூப்பிடுகிறார்! சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பேக்கரியின் பின்கட்டில் ஆள் உயரத்துக்கு எலெக்ட்ரிக் ஓவன். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். செல்வக்கனி சுத்தத்தில் கெட்டி. வாரத்துக்கு இரண்டு முறை பாலிஷ் போடச் சொல்வார். முன்னால் நின்று தலை சீவிக்கொள்ளலாம் போல ஓவன் மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பொன்ராஜ் மாஸ்டர், கையைக் கட்டிக்கொண்டு.

நான் என்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் யாராவது இந்தக் கேமரா வாங்கினால் இவற்றில் எதையும் செய்யாதீர்கள்.

சொருகிய உடனே எடுத்தேன். ஏசி அறையிலிருந்து வந்த கேமரா, அடுப்படிச் சூட்டுக்குப் பழகவே சில நிமிடம் ஆகும். அதுவரை அது காட்டும் நிறமெல்லாம் உத்தேசக் கணக்கு. எனக்கு ஏது பொறுமை?

கதவிலிருந்த கண்ணாடி வழியாக உள்ளே எடுத்தேன். படத்தில் தொப்பையோடு ஒரு மஞ்சள் உருவம் வந்தது. ஓவனுக்குள் ஆள்! அப்புறம்தான் அது நான் என்று தெரிந்தது. நம் கண்ணுக்குத்தான் அது கண்ணாடி. இந்தக் கேமராவுக்கு அது சுவர், போதாததற்கு எதிரே நிற்பவனின் சூட்டையும் திருப்பிக் காட்டும் சுவர்.

செல்வக்கனி கொடுத்த டீயை ஓவன் மேலேயே வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று முழு ஓவனும் தெரிய ஒரு படம். டீ கிளாஸ் வெள்ளையாக ஜொலித்தது, மற்றதெல்லாம் இருட்டு. எதிரே இருப்பதிலேயே சூடானது எதுவோ அதற்குத்தான் இந்தக் கேமரா வெள்ளை கொடுக்கும். பந்தியில் பண்ணையார் வந்து உட்கார்ந்துவிட்டால் மற்றவர் இலையை யார் கவனிக்கிறார்கள்?

கடைசியாக, பின்பக்கம். ஓவனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. போனை உள்ளே நீட்டி மூன்று நான்கு படம் எடுத்தேன். பார்த்தால் எல்லாம் நீலம். நம்பர் முப்பத்தெட்டு என்றது. எதிர்ச்சுவரும் ஏறக்குறைய அதேதான்.

"பின்னால ஒண்ணும் லீக் இல்லம்மா. ஓவன் நல்லா இருக்கு" என்றேன். அட்டகாசமான குரலில் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொன்ராஜ் மாஸ்டர் என் போனை எட்டிப் பார்த்தார். நீலத்தைப் பார்த்தார். தன் வலது உள்ளங்கையை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"பின்னால கை வச்சா பொறுக்க முடியல சார்…"

"படத்துல தெரியலயே மாஸ்டர்."

"சரி. அப்போ என் கைதான் சரியில்ல" என்றார். பிறகு செல்வக்கனியிடம், "ஞாயித்துக்கிழம வரைக்கும் உள்ள ஆர்டர முடிச்சுக் குடுத்துட்டு வேலைய விட்டு நின்னுக்கிடுதேங்க்கா" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முட்டை அடிக்கிற பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு சரியில்லை. உண்மையைத்தானே சொன்னோம்? சாயங்காலம் காபியை வைத்துக்கொண்டு அந்தப் படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதி பின்னால் வந்து நின்றாள்.

"இது என்ன மூணு புள்ளி?"

ஓவன் பின்பக்கத்துப் படம். நீலத்தின் நடுவே, நெஞ்சு உயரத்தில், வெள்ளையாக மூன்று புள்ளிகள். நானும் பார்த்திருந்தேன். லென்ஸில் தூசி என்று விட்டுவிட்டேன்.

"தூசியா? தூசி இப்படி வரிசையாவா உக்காரும்? பொட்டு மாதிரில்லா இருக்கு. செல்வக்கனி ஆயுத பூஜைக்கு ஓவனுக்கு நாலு பக்கமும் சந்தனம் வைப்பாளே. முன்னால வச்சத பாலிஷ் போடையில துடைச்சிருப்பாவ. பின்னால யாரு துடைக்கப் போறா?"

திரையில் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தேன். எழுபத்தாறு டிகிரி என்றது.

சுற்றிலும் முப்பத்தெட்டு. பொட்டு மட்டும் எழுபத்தாறு. சந்தனம் குளிர்ச்சி என்றல்லவா ஊரெல்லாம் சொல்கிறது? அது எப்படித் தானாகச் சுடும்?

அப்போதுதான் கேமராவோடு வந்த காகிதம் ஞாபகம் வந்தது. பிரிக்காமலே மேஜை டிராயரில் போட்டிருந்தேன். தேடி எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தால், முதல் பக்கத்திலேயே இருக்கிறது — பளபளப்பான உலோகத்தை நம்பாதே. அது தன் சூட்டைக் காட்டாது, எதிரே உள்ளதன் சூட்டைத்தான் கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டும். அதன் மேல் மங்கலான எதையாவது ஒட்டி, சூடு ஏறியதும் ஒட்டிய இடத்தைப் பார்.

காகிதம் டேப் ஒட்டச் சொல்கிறது. செல்வக்கனி ஆயுத பூஜைக்கே சந்தனம் ஒட்டி வைத்துவிட்டார்! நான் படம் எடுத்தது ஓவனின் சூட்டை அல்ல, எதிர்ச்சுவரின் சூட்டை. ஓவன் உண்மையைச் சொன்ன இடம் அந்த மூன்று பொட்டு மட்டும்தான். அதை நான் தூசி என்று தள்ளியிருக்கிறேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. கோமதியின் எவர்சில்வர் சொம்பில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினோம். கேமராவில் சொம்பு பச்சைத் தண்ணீர் வைத்தது போல நீலமாக இருந்தது. திருநீற்றைக் குழைத்து ஒரு கோடு இழுத்தாள். கோடு மட்டும் பளீரென்று வெள்ளை!

"ஒரு உசுருள்ள மனுசன் கை வச்சுப் பாத்துச் சொன்னத விட்டுட்டு, இதையா நம்புனிய?" என்றாள்.

நியாயமான கேள்வி.

வியாழக்கிழமை காலை, ஓவன் போடும் முன்னாலேயே பேக்கரிக்குப் போய்விட்டேன். செல்வக்கனியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் சந்தனம் என்றதும் மறுபேச்சுப் பேசாமல் ஒரு கிண்ணம் நிறையக் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பொன்ராஜ் மாஸ்டரிடம் போனேன்.

"மாஸ்டர், நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். சரியாப் பாக்கத் தெரியாம சொன்னேன். இன்னொரு தடவ பாக்கணும்."

"இனி எதுக்கு சார் அதெல்லாம்?" என்றார். ஆனாலும் டிரேயில் நெய் தடவுகிற நீளமான பிரஷை எடுத்துச் சந்தனத்தில் தோய்த்து, அவரேதான் வைத்தார். ஒரு சாண் இடைவெளியில் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, கையை உள்ளே விட்டுப் பின்பக்கம் மேலிருந்து கீழ் வரை. அந்த ஓவனுக்கு இந்த வருடம் இரண்டாவது ஆயுத பூஜை.

ஓவனைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

காத்திருந்த நேரத்தில் ஒரு போன். ஆழ்வார்திருநகரியிலிருந்து, நான் எழுதும் இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர். அவரும் இதே மாதிரிக் கேமரா வாங்கியிருக்கிறார். "மொட்ட மாடிய எடுத்தேன் சார், பூரா ஒரே செவப்பா இருக்கு. கசிவு எங்கனன்னே தெரியல!" எப்போது எடுத்தீர்கள் என்றேன். மத்தியானம் என்றார். நானும் முதலில் அதைத்தான் செய்தேன் ஐயா! மத்தியானம் எடுத்தால் வெயில்தான் படத்தில் விழும். விடியற்காலையில் எடுத்துப் பாருங்கள். ஈரம் பிடித்த இடம் மட்டும் ஒரு நீலத் திட்டாகத் தெரியும். எங்கள் வீட்டில் கிடைத்தது, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே. இப்போது சொட்டுவது இல்லை.

சரி, ஓவனுக்கு வருவோம். கேமராவைச் சொருகிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தேன். நடுநடுவே அது 'டிக்' என்று தன்னைச் சரிசெய்துகொள்ளும். அது ஓயும் வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். டீயை வெளியிலேயே குடித்துவிட்டு வந்தேன். தள்ளி நிற்கவில்லை, ஒரு அடி தூரத்தில் போனை நீட்டினேன். என் சூடு அதில் விழாதபடி நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் பிடித்தேன்.

முன்பக்கத்துப் பொட்டுகள் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. பக்கவாட்டிலும் அப்படித்தான். பின்பக்கம், கீழ்ப்பொட்டுகள் நாற்பத்தைந்து. அதற்கு மேலே அறுபத்தெட்டு. அதற்கும் மேலே எழுபத்தொன்பது, எண்பத்து மூன்று…

செல்வக்கனி என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தார். விவரம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழே ஊதாப் பொட்டு, மேலே போகப் போக வெள்ளைப் பொட்டு. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

மத்தியானத்துக்குள் மெக்கானிக் வந்து ஓவனை இழுத்துப் பின்தகட்டைக் கழற்றினார். சூட்டைத் தடுக்கிற பஞ்சு முழுவதும் சரிந்து கீழே கிடந்தது. மேல்பாதி வெறும் தகடு. பஞ்சைப் பிடித்திருந்த கம்பி இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. ஆயுத பூஜைக்குத் துடைத்துவிட்டு ஓவனைத் திரும்பத் தள்ளியபோது சுவரில் போய் 'டங்'கென்று இடித்ததாம், அப்புறம் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்திருக்கிறார்கள். பூஜையில் வந்த கோளாறை, பூஜைக்கு வைத்த பொட்டே காட்டிக்கொடுத்திருக்கிறது. சூட்டை அளக்கிற கருவி ஓவனின் முன்பக்கம் இருப்பதால், அது தன் பங்குக்கு எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் மனிதர்களிலும் இதே கதைதான். பளபளவென்று இருப்பவர் உள்ளே எவ்வளவு கொதித்தாலும் வெளியே தெரியாது. நாம் போய் நின்றால் நம் முகத்தையே நமக்குக் காட்டி அனுப்பிவிடுவார்.

வெள்ளிக்கிழமை. பஞ்சு மாற்றிய ஓவனிலிருந்து முதல் டிரே வெளியே வந்தது. முன்வரிசை, நடுவரிசை, கடைசி வரிசை எல்லாம் ஒரே நிறம். பேப்பரை லேசாகத் தட்டினால் கழன்று வந்தது. செல்வக்கனி கடைசி வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தார். எப்போதும் முதல் மக்ரூன் சாமி படத்துக்கு முன்னால் போகும். அன்றைக்கு அதை மாஸ்டர் கையில் கொடுத்தார். மாஸ்டர் கடித்தார். 'கரக்' என்ற சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஆத்தூர்க்காரருக்கு காலையிலேயே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் அதை மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது? செல்வக்கனி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே அவரிடம் போனார்.

"மாஸ்டர்… திங்கக்கிழம எத்தன மணிக்கு வாரிய?"

"எப்பவும் வார நேரத்துக்குத்தாங்க்கா."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நான் கிளம்பும்போது மாஸ்டர் கூப்பிட்டார். இந்த இருபது வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சார், என் கைய ஒரு படம் எடுங்களேன்."

மேஜை மேல் வலது உள்ளங்கையை விரித்து வைத்தார். எடுத்தேன். கை முழுவதும் நீலம்! விரலெல்லாம் ஐஸில் வைத்தது மாதிரி.

அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. குனிந்து பார்த்தேன். இப்போதுதான் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருக்கிறார், விரலிடுக்கில் இன்னும் தண்ணீர்.

"துடைச்சிட்டு ஒரு நிமிசம் இருங்க மாஸ்டர்."

துடைத்தார். ஒரு நிமிடத்துக்கு நான் இரண்டு நிமிடமே கொடுத்தேன். பக்கத்திலிருந்த சூடான டிரேயைத் தள்ளி வைத்தேன். அருகில் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் எடுத்தேன்.

மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை மஞ்சளும் வெள்ளையுமாக வந்தது.

மாஸ்டர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"கை நல்லாத்தான சார் இருக்கு?"

"நல்லா இருக்கு மாஸ்டர்" என்றேன். இந்தக் கேமரா வாங்கிய நாளாக நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.